கிணற்றுக்கு முன் அந்தச் சுவரைப் பாருங்கள்

கேள்வி:

டொக்டர் ஐயாவுக்கு வணக்கம். மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். ஏழு மாடுகள் நிற்கின்றன. பால் ஊற்றித்தான் இரண்டு பிள்ளைகளையும் படிப்பிக்கிறேன். ஐந்தாறு மாதமாக மாடுகள் சரியில்லை. மேய்ந்தாலும் உடம்பு தேறுவதில்லை. மயிர் சிலிர்த்துக்கொண்டு நிற்கிறது, தடவினால் கையோடு வருகிறது. இரண்டு மாட்டுக்குக் கண் சிவந்திருக்கிறது. நாலு லீற்றர் கறந்த மாடு இப்போது ஒன்றரை லீற்றர்தான் கறக்கிறது. ஒரு மாட்டுக்கு ஏழாம் மாதத்தில் கன்று விழுந்துவிட்டது. போன மாதம் ஒரு கன்று செத்துப்போனது. பக்கத்து வீட்டு அண்ணன் வெட்டிப் பார்த்து, ஈரல் மஞ்சள் பூத்துக் கிடக்கிறது என்றார். முந்தின வருடம்தான் குழாய்க் கிணறு அடித்தோம். அந்தத் தண்ணீரில் ஆசனிக் இருக்கிறது, வவுனியாப் பக்கம் ஆட்களுக்குச் சிறுநீரகம் பழுதாவதும் அதனால்தான், மாட்டுக்கும் அதுதான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஒரு வியாபாரி எல்லா மாட்டையும் அரை விலைக்குக் கேட்கிறார். கொடுத்துவிடவா? ஆசனிக் மாட்டின் உடம்புக்குள் என்ன செய்யும்? பாலைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? பின்காணியில் இடிந்த களஞ்சியம் ஒன்று கிடக்கிறது, மாடுகள் அதன் சுவரடியை நக்கிக்கொண்டு நிற்கும். அதைத் தவிர அவற்றிடம் வேறு கெட்ட பழக்கம் எதுவும் இல்லை.

பதில்:

தங்கச்சி, மாடுகளை விற்க வேண்டாம். இப்போதைக்கு ஒன்றைக்கூட விற்க வேண்டாம். மீள்குடியேறிய காலத்தில் ஒரு நாகு மாட்டோடு தொடங்கி ஒரு பட்டியை உருவாக்குவது என்ன பாடு என்று வன்னியில் யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. ஊர்ப் பேச்சை நம்பி அதை அரை விலைக்குக் கொடுக்கக் கூடாது. இன்னொரு காரணமும் உண்டு. மாட்டில் உண்மையிலேயே ஆசனிக் இருந்தால், அந்த ஈரலும் சிறுநீரகமும் யாரோ ஒருவரின் வீட்டுக் கறிச்சட்டிக்குப் போகும்.

உங்கள் கடிதம் முழுக்கக் குழாய்க் கிணற்றைப் பற்றித்தான் இருக்கிறது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி விஷயம். மாடுகள் இடிந்த களஞ்சியத்தின் சுவரடியை நக்குகின்றன என்கிறீர்கள். இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும் முதலில் செய்ய வேண்டியது அந்த இடத்தை அடைப்பது. கம்பியோ, அலம்பலோ, கிடுகோ, எது கைக்கு வருகிறதோ அதைக்கொண்டு அடையுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

மாடு மண்ணையும் சுவரையும் நக்குவது கெட்ட பழக்கத்தால் அல்ல. உடம்பில் உப்பும் பொசுபரசும் குறைந்தால் மாடு நக்கத் தொடங்கும், எலும்பைக் கடிக்கும், சேலைத் துணியைக்கூட மெல்லும். சிறுபோகம் இல்லாத காலத்தில் வெறும் வைக்கோலையும் காய்ந்த புல்லையும் நம்பி நிற்கும் மாடுகளில் இதை நிறையப் பார்க்கலாம். ஆபத்து என்னவென்றால், ஆசனிக் உப்புகள் மாட்டின் நாக்குக்கு உவர்ப்பாகப் படும். அதனால் மாடு அதைத் தேடிப் போய் நக்கும். உலகம் முழுவதும் மாடுகளில் ஆசனிக் நஞ்சு ஏறிய கதைகளை எடுத்துப் பார்த்தால் திரும்பத் திரும்ப வருவது இவைதான்: கைவிட்ட களஞ்சியத்தில் உடைந்து கிடந்த பழைய களைநாசினி அல்லது கிருமிநாசினி, உண்ணிக்கு மாட்டை முக்கி எடுக்கப் பயன்படுத்திய பழைய மருந்துத் தொட்டி, பதப்படுத்திய மரத்தை எரித்த சாம்பல்.

மரத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன். கறையான் அரிக்காமல் இருக்கச் செம்பு, குரோமியம், ஆசனிக் மூன்றையும் சேர்த்து ஏற்றிய மரங்கள் உண்டு. புதிதாக இருக்கும்போது இலேசான பச்சை நிறம் தெரியும், பிறகு மங்கிவிடும். கட்டையாக இருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. எரித்தால் ஆசனிக் சாம்பலில் தங்கிவிடும். சாம்பல் உவர்க்கும், மாடு நக்கும். ஆகவே அந்தக் களஞ்சியத்தின் தீராந்தி, தூண் எதையும் துப்புரவாக்குகிறேன் என்று கொளுத்திவிடாதீர்கள். அங்கே பழைய வாகன பற்றரி கிடக்கிறதா என்றும் பாருங்கள். மாடுகளைக் கொல்லும் உலோக நஞ்சுகளில் ஆசனிக்கைவிட ஈயம்தான் அதிகம் காணப்படுவது, அதுவும் உடைந்த பற்றரித் தகட்டிலிருந்து. ரின், பரல், வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ தூள் ஏதும் தெரிந்தால் கையால் தொடாதீர்கள், கூட்டாதீர்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். உங்கள் பகுதிக் கால்நடை வைத்திய அதிகாரியையும் கமநல சேவை நிலையத்தையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடப் போகவே கூடாது.

கிணற்றைவிடச் சுவருக்கு நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்பதை ஒரு சின்னக் கணக்கில் காட்டலாம். குடிநீரில் ஆசனிக் லீற்றருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 1993இல் மனிதர்களுக்கு வைத்த எல்லை. உங்கள் கிணற்றில் சரியாக அந்த அளவு இருக்கிறது என்றே வையுங்கள். மாடு ஒரு நாளைக்கு 40 லீற்றர் குடித்தால் உள்ளே போவது 400 மைக்ரோகிராம், அதாவது 0.4 மில்லிகிராம். எங்கள் பழைய ஆட்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்லும் தூளில் ஒரு கிராமில், அதாவது இரண்டு விரலால் எடுக்கும் ஒரு சிட்டிகையில், ஏறத்தாழ 750 மில்லிகிராம் ஆசனிக் இருக்கிறது. அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஐந்து வருடம் குடித்தால் சேரும் அளவு ஒரே நாளில் நாக்கால் ஏறிவிடும். தினமும் அதில் ஒரு துளி ஏறினால்கூட மாடு உடனே சாகாது. நீங்கள் எழுதியதுபோல மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டு போகும்.

சரி, கிணற்றுக்கு வருவோம். நிலத்தடி நீரில் ஆசனிக் என்றதும் எல்லார் நினைவுக்கும் வருவது மேற்கு வங்காளமும் பங்களாதேஷும். கொல்கத்தாவில் 1983இல் ஒரு தோல் வைத்தியர், கே. சி. சாகா, கிராமத்தவர்களின் தோலில் தெரிந்த புள்ளிகளையும் தடிப்பையும் பார்த்து, அது குழாய்க் கிணற்று நீரால் வருவது என்று கண்டுகொண்டார். அங்கே கங்கையும் பிரமபுத்திராவும் கொண்டுவந்து கொட்டிய இளம் வண்டல் மண்ணில் ஆசனிக் இரும்போடு ஒட்டியிருக்கிறது. ஒட்சிசன் இல்லாத ஆழத்தில் அது கழன்று நீரில் கரைகிறது. அந்த நாட்டு மாடுகள் தண்ணீரில் மட்டுமல்ல, வைக்கோலிலும் ஆசனிக்கைத் தின்கின்றன. நெற்பயிர் உறிஞ்சும் ஆசனிக்கில் அரிசிக்குப் போவது கொஞ்சம், வைக்கோலில் தங்குவதுதான் அதிகம். அங்கத்தைய மாடுகளின் மயிரிலும் சாணத்திலும் சிறுநீரிலும் அது அளந்து காட்டப்பட்டிருக்கிறது.

உங்கள் மாங்குளம் பக்கத்து நிலம் அப்படிப்பட்டதல்ல. கீழே பழைய கருங்கல். அந்தப் பாறை வெடிப்புகளில் நிற்கும் தண்ணீரில் அதிகம் காணப்படும் குறைகள் கல்சியக் கடினத்தன்மையும் புளோரைட்டும்தான். மன்னார்த் தீவின் மணற்படிவ நிலத்தில் சில இடத்து நீரில் ஆசனிக் 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருப்பது உண்மை. அது வேறு நிலம், வேறு கதை. அதற்காகக் கிணற்றைச் சோதிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டாயம் சோதியுங்கள். உங்கள் பிள்ளைகளும் அதைத்தானே குடிக்கிறார்கள். சோதிக்கும்போது ஆசனிக்கோடு புளோரைட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மாடுகளின் முன்பல்லையும் நீங்களே பார்க்கலாம். அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த இளம் மாடுகளுக்கு, பால்பல் விழுந்து முளைத்த பல்லில் மண்ணிறக் கோடும் புள்ளியும் தெரிந்தால், எழும்பி நிற்கும்போது காலை விறைத்துக்கொண்டு நின்றால், அது புளோரைட்டின் அடையாளம்.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்வி. ஆசனிக் உடம்புக்குள் என்ன செய்கிறது?

உயிருள்ள ஒவ்வொரு கலமும் சீனியையும் கொழுப்பையும் எரித்துச் சக்தி எடுக்கிறது. அந்த எரிப்பை நடத்தும் நொதியங்களில் கந்தகம் கொண்ட சில பிடிகள் உண்டு. ஆசனிக்கின் ஒரு வடிவம் அந்தக் கந்தகத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நொதியத்தை வேலை செய்ய விடாது. இன்னொரு வடிவம் பொசுபேற்றைப்போல வேடம் போட்டு அதன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்போது கலம் சக்தியைச் சேமிக்க முடியாமல் போகிறது. மின்சாரம் நின்ற அரிசி ஆலைபோல, நெல் குவிந்து கிடக்க இயந்திரம் ஓடாது. ஆகவே ஓயாமல் உழைக்கும் திசுக்களில்தான் முதல் அடி விழுகிறது. குடலின் உட்படலம், ஈரல், சிறுநீரகம், தோல், இவை நான்கும் முன்னால் நிற்கின்றன.

கூடவே மிக மெல்லிய இரத்த மயிர்க்குழாய்களின் சுவரும் தளர்ந்துவிடும். குடலில் உள்ள குழாய்களில்தான் இது கூடுதல். சுவர் தளர்ந்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி திசுவுக்குள் கசியும். ஒரேயடியாக நிறைய ஏறிய மாட்டில் இது சில மணித்தியாலத்தில் நடக்கும். வயிற்று வலியில் உதைக்கும், தள்ளாடும், தண்ணீராய்க் கழியும், இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். வெட்டிப் பார்த்தால் நாலாம் இரைப்பையின் உட்புறம் இரத்தச் சிவப்பாக இருக்கும். மெல்ல ஏறும்போது அதே சேதம் சிறிய அளவில் நாள்தோறும் நடக்கிறது. ஒரு கிழமை நன்றாகத் தின்னும், அடுத்த கிழமை தொட்டியை முகர்ந்துவிட்டு விலகும். இடைக்கிடை கழிச்சல் வரும், தானாய் நிற்கும். வாயின் உட்பக்கச் சவ்வு செங்கல் நிறமாகும், இமை வீங்கும், கண் சிவக்கும், மூக்கு முனையிலும் வாயிலும் புண் தோன்றலாம். நீங்கள் எழுதிய சிவந்த கண்ணை நான் அலட்சியம் செய்யாமல் இருப்பது இதனால்தான்.

குடலிலிருந்து இரத்தத்தில் சேர்ந்த ஆசனிக் நேரே ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதோடு மெதைல் கூட்டங்களைச் சேர்த்துச் சிறுநீரில் கழியும் வடிவமாக்குகிறது. இதற்கு ஈரலுக்கு மெதியோனைன் என்ற புரதக் கூறு தேவை. நல்ல தீன் தின்னும் மாடு இந்த வேலையைச் சமாளிக்கும். வைக்கோலை மட்டும் தின்று எலும்பு தெரிய நிற்கும் மாட்டின் ஈரல் சமாளிக்காது. வறட்சிக் காலத்தில் அதே நஞ்சு அதிகம் கொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு விஷயம். ஆய்வுகூட எலிகளில் ஆசனிக் இப்படிச் செய்தது, அப்படிச் செய்தது என்று பத்திரிகையில் வரும் செய்திகளை அப்படியே மாட்டுக்குப் பொருத்தாதீர்கள். எலியின் இரத்தச் சிவப்பணு ஆசனிக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும் தன்மையுடையது. மாடும் மனிதரும் அப்படியல்ல.

ஈரலின் சக்தி குறைந்தால் கொழுப்பை வெளியே அனுப்ப முடியாமல் அது கலங்களுக்குள்ளேயே தேங்கும். நல்ல ஈரல் கருஞ்சிவப்பாக, ஓரம் கூராக, கையில் பிடித்தால் இறுக்கமாக இருக்கும். கொழுப்பு ஏறிய ஈரல் மஞ்சளாக வீங்கி, ஓரம் மழுங்கியிருக்கும். விரலால் அழுத்தினால் குழிந்து உடையும். வெட்டிய கத்தியில் எண்ணெய்ப்பசை தெரியும். மோசமான ஈரலில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். நீண்ட காலம் போனால் கலங்கள் செத்து, அந்த இடத்தில் நார்த்திசு வளரும். உங்கள் அண்ணன் பார்த்த மஞ்சள் ஈரல் இதுவாக இருக்கலாம். ஆனால் தங்கச்சி, பட்டினி கிடந்த மாட்டுக்கும் ஈரல் மஞ்சளாகும். உண்ணிக் காய்ச்சலில் இரத்தம் உடைந்தாலும் மஞ்சளாகும். செத்துப் பல மணித்தியாலம் வெயிலில் கிடந்தாலும் நிறம் மாறும். பார்வையில் ஆசனிக் என்று சொல்லக்கூடிய ஈரல் என்று ஒன்று இல்லை. அளந்துதான் சொல்ல வேண்டும். சாதாரண மாட்டின் ஈரலிலும் சிறுநீரகத்திலும் ஆசனிக் கிலோவுக்கு 1 மில்லிகிராமைத் தாண்டுவது அபூர்வம். நஞ்சு ஏறிச் செத்த மாட்டில் அது பல மடங்காக இருக்கும்.

சிறுநீரகம்தான் ஆசனிக் வெளியேறும் வாசல். வெளியேறும் வழியில் நுண்குழாய்களின் உட்கலங்களைச் சேதப்படுத்துகிறது. அவை வீங்கிச் செத்து உதிரும், சிறுநீரில் புரதம் போகும். இதை வைத்துத்தான் மனிதர்களின் சிறுநீரக நோயையும் ஊரில் ஆசனிக்கோடு முடிச்சுப் போடுகிறார்கள். அந்த நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் பதவியா, மெதவாச்சிப் பக்கங்களில் பெரிதாகத் தெரியவந்தது. வவுனியா மாவட்டமும் அதில் பாதிக்கப்பட்டது. 2011இல் ஆசனிக்தான் காரணம் என்ற பேச்சு நாடெங்கும் கிளம்பியது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆதரவோடு நடந்து 2013இல் வெளிவந்த ஆய்வு கட்மியம் என்ற இன்னொரு நச்சு உலோகத்தின் பக்கம் விரலை நீட்டியது. 2015இல் கிளைபோசேற் களைநாசினியைத் தடைசெய்து, பிறகு தளர்த்தினார்கள். கடின நீர், புளோரைட்டு, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்வது எல்லாமே பேசப்படுகின்றன. ஒற்றைக் காரணம் இன்றுவரை நிறுவப்படவில்லை. அயலில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுது என்பதை உங்கள் மாட்டின் நோய்க்குச் சாட்சியாக எடுக்க முடியாது.

இரத்தத்திலும் எலும்பு மச்சையிலும் அது கைவைக்கும், மாட்டுக்கு இரத்தசோகை வரும். இதயத்தின் உள்ளுறையிலும் வெளியுறையிலும் சிறு இரத்தப் புள்ளிகள் தெரியலாம். நச்சுக்கொடியைக் கடந்து கருவுக்கும் போகும், கரு கலையலாம், செத்துப் பிறக்கலாம். நரம்பைத் தாக்குவது முக்கியமாக ஒரு காலத்தில் பன்றி, கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்கென்று கலந்த சேதன ஆசனிக் மருந்துகள். அளவு மிஞ்சிய பன்றிகள் கால் இழுத்தன, சில குருடாயின, தீன் தின்பதை மட்டும் நிறுத்தவில்லை. ரொக்ஸார்சோன் என்ற அப்படியான மருந்தின் விற்பனை அமெரிக்காவில் 2011இல் நிறுத்தப்பட்டது.

மயிர், தோல், குளம்பு மூன்றும் கெரற்றின் என்ற புரதத்தால் ஆனவை. அதில் கந்தகம் நிறைய உண்டு. ஆசனிக் போய்ச் சேர்வதும் அங்கேதான். இரத்தத்திலிருந்தும் ஈரலிலிருந்தும் சில நாட்களில் பெரும்பகுதி கழிந்துவிடும். மயிரில் ஏறியது மயிர் வளர்ந்து உதிரும்வரை நிற்கும். செத்த கன்றைப் புதைத்தாகிவிட்டதே என்று கவலைப்படாதீர்கள், நிற்கிற மாடுகளின் மயிரே எங்களுக்குப் போதுமான தடயம் தரும்.

இனி நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் மாடுகளுக்கு இருக்கும் அத்தனை குறியும் ஆசனிக் இல்லாமலே வரக்கூடியவை. வன்னிக் குளத்தோரம் மேயும் மாட்டுக்கு உடம்பு தேறவில்லை என்றால் நான் முதலில் சாணத்தில் புழு முட்டை தேடுவேன், பிறகு இரத்தத்தில் உண்ணிக் காய்ச்சல் கிருமி பார்ப்பேன். செம்புச் சத்துக் குறைந்தாலும் மயிர் மங்கிச் சிலிர்க்கும். வேலியில் இப்பிலிப்பில் நட்டிருக்கிறீர்களா? அதன் இலையை மற்றத் தீனில்லாமல் நிறைய வெட்டிப் போட்டால், அதிலுள்ள மைமோசின் என்ற நஞ்சால் மாட்டுக்கு மயிர் கொட்டும். வால் குஞ்சம் உதிர்ந்து குச்சியாய் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். கிளிசரிடியா அப்படிச் செய்யாது.

கன்று விழுந்ததைப் பற்றி இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஏழாம் மாதத்தில் கன்று விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது புருசெல்லா கிருமி. எங்கள் நாட்டு வரண்ட வலயப் பட்டிகளில் அது இருக்கிறது, மனிதருக்கும் தொற்றும், விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டு வலியும் தரும். விழுந்த கன்றையும் இளங்கொடியையும் வெறுங்கையால் தூக்கினீர்கள் என்றால் அதை உங்கள் வைத்தியரிடம் சொல்லுங்கள். இனி அப்படி நடந்தால் கையில் பொலித்தீன் பையாவது மாட்டிக்கொண்டு, நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். அந்த மாட்டின் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது மாதிரி எடுக்கும் வேலை. கால்நடை வைத்திய அதிகாரி வந்து எடுப்பதுதான் சரி. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் காரியம் விரைவாக நடக்கும். மயிரைப் பிடுங்காமல், கழுத்திலோ வால் அடியிலோ தோலோடு ஒட்டக் கத்தரிக்கோலால் வெட்டி, எந்தப் பக்கம் வேர் என்று அடையாளம் போட்டுத் தாள் உறையில் வைக்க வேண்டும். நோயுள்ள இரண்டு மாட்டிலும், அந்தச் சுவர்ப் பக்கம் போகாத ஒரு மாட்டிலும் எடுங்கள், அயல் வீட்டு மாடானாலும் சரி. ஒப்பிட ஒன்று இல்லாமல் வரும் இலக்கம் பாதிப் பயன்தான். மயிரில் வெளித் தூசும் ஒட்டியிருக்கும் என்பதால் கழுவிவிட்டுத்தான் அளக்க வேண்டும். சிறுநீர் கிடைத்தால் மிக நல்லது, அது அண்மைய நாட்களின் கதையைச் சொல்லும். களஞ்சியச் சுவரடி மண்ணில் ஒரு கைப்பிடியை அதிகாரி கையுறையோடு எடுக்கட்டும்.

தண்ணீருக்குப் புதிய பிளாஸ்ரிக் போத்தல். பம்பை ஐந்து பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் போத்தலை அலசி, பிறகு நிரப்புங்கள். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் உலோகங்களை அளந்து கொடுக்கிறது. விலங்குத் திசுக்கள் என்றால் கன்னொறுவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்கோ, பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்துக்கோ எங்கே அனுப்புவது என்று அதிகாரி தீர்மானிப்பார்.

இனி ஒரு மாடோ கன்றோ செத்தால், கடவுளே என்று அப்படி நடக்கக் கூடாது, நடந்தால் புதைக்கும் முன் அவருக்குத் தகவல் கொடுங்கள். ஈரலிலும் சிறுநீரகத்திலும் உள்ளங்கையளவு துண்டைத் தனித்தனிச் சுத்தமான பையில் போட்டு உறையவைத்தால் அது ஆசனிக் அளப்பதற்கு. அதே உறுப்பில் விரல் நகத்தளவு தடிப்பில் சிறு துண்டை, அதைப்போல் பத்து மடங்கு போர்மலினில் போட்டால் அது நுணுக்குக்காட்டியில் பார்ப்பதற்கு. இரண்டையும் மாற்றிவிடக் கூடாது. போர்மலினில் போட்டதை உறைய வைத்தால் திசு நாசமாகிவிடும்.

பால் பற்றி. ஆசனிக் பாலுக்குப் போவது மிகக் குறைவு. தசையில் அதைவிடக் கொஞ்சம் அதிகம், ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் கூடுதலாகத் தங்கும். அப்படியிருந்தும் முடிவு வரும்வரை கண் சிவந்த அந்த இரண்டு மாட்டின் பாலையும் பிள்ளைகளுக்குக் கொடுக்காமலும் சேகரிப்பு நிலையத்துக்கு ஊற்றாமலும் விடுங்கள் என்றுதான் சொல்வேன். உங்களுக்கு அது எவ்வளவு நட்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். மற்ற மாடுகளின் பாலை நன்றாகக் கொதிக்கவைத்துக் குடிக்கலாம். கொதிக்கவைப்பது புருசெல்லாவைக் கொல்லும், ஆசனிக்கை ஒன்றும் செய்யாது. தண்ணீரும் அப்படித்தான். கொதிக்கக் கொதிக்க நீர் வற்றும், ஆசனிக் அப்படியே நிற்கும்.

மெல்ல ஏறிய ஆசனிக்குக்கு ஊசி போட்டு மாற்றும் மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை. திடீரென்று நிறைய ஏறியபோது கொடுக்கும் மருந்துகள் இருக்கின்றன, அவற்றையும் ஆரம்பத்திலேயே கொடுத்தால்தான் பயன். நாட்பட்டதற்கு மருந்து, ஏறுவதை நிறுத்துவதும் தீன் போடுவதும்தான். புண்ணாக்கும் தவிடும் முடிந்த அளவு கொடுங்கள், ஈரலுக்குப் புரதம் வேண்டும். கிளிசரிடியா இலை வேலியில் இருந்தால் காசில்லாமல் கிடைக்கும். கனியுப்புக் கட்டி ஒன்றைக் கொட்டிலில் கட்டித் தொங்கவிடுங்கள், அது வாங்க முடியாவிட்டால் தவிட்டில் கறியுப்புக் கொஞ்சம் போடுங்கள். நாக்குக்குத் தேவையானது கொட்டிலிலேயே கிடைத்தால் மாடு சுவரைத் தேடிப் போகாது. கிணற்று முடிவு வரும்வரை மாடுகளைக் குளத்துத் தண்ணீருக்கு விடுங்கள். வயலுக்குக் கிருமிநாசினி அடிக்கும் நாட்களில் வயலிலிருந்து வடியும் வாய்க்கால் பக்கம் மட்டும் விட வேண்டாம். நாட்டு மருந்து என்று யாராவது தாளகமோ வெள்ளைப் பாஷாணமோ சேர்ந்த உருண்டை கொடுத்தால் வாங்காதீர்கள், அது இரண்டும் ஆசனிக்தான்.

நக்குவது நின்று தீன் ஒழுங்கானால், உள்ளுறுப்பு மிகவும் பழுதாகாத மாடு சில கிழமைகளில் தின்னத் தொடங்கும். மயிர் மாற இன்னும் மாதங்கள் பிடிக்கும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். பால் திரும்புவது பெரும்பாலும் அடுத்த கன்றோடுதான்.

முடிவுகள் கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். இலக்கத்தை மட்டும் எழுதாமல், பக்கத்தில் மைக்ரோகிராமா மில்லிகிராமா, லீற்றருக்கா கிலோவுக்கா என்று இருப்பதையும் அப்படியே பார்த்து எழுதுங்கள். கிணற்று நீரில் 10 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் பிள்ளைகளுக்கும் மாட்டுக்கும் பயமில்லை. 10க்கு மேலே போனால் நீங்களும் பிள்ளைகளும் குடிப்பதை நிறுத்துங்கள். மாட்டுக்கு உலக உணவு விவசாய நிறுவனத்தின் வழிகாட்டலில் 200 வரை விட்டிருக்கிறார்கள், கனடாவில் 25தான். இடையில் ஒரு இலக்கம் வந்தால் மாட்டுக்கு அந்தத் தண்ணீரைக் கொடுப்பதா என்பதை மயிர் முடிவையும் பக்கத்தில் வைத்துச் சேர்ந்து தீர்மானிப்போம். வியாபாரி திரும்ப வந்தால், டொக்டர் பார்க்கும்வரை விற்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று என் பெயரில் சொல்லி அனுப்பிவிடுங்கள்.